கடைசி வரியிலிருந்து கணக்கு எழுதுங்கள்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக் கொண்டிருந்தபோது, நம் இளைஞர் அணிப் பிள்ளைகள் நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். "அங்கிள், நம்ம தாத்தா பாட்டி எல்லாம் இந்த ஊருக்கு எப்படி வந்தாங்கன்னு ஒரு படம் எடுக்கப் போறோம். ஒன்றரை மணி நேரப் படம். வீட்டுக்கு ஐயாயிரம் கொடுத்தாப் போதும், பத்து லட்சத்துல முடிச்சிடலாம்" என்றார்கள். எஸ்டிமேட் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு பிள்ளை செல்பேசியை நீட்டினான். அதில் ஏழு வரிகள் இருந்தன. ஏழில் மூன்று வரிகளுக்கு எதிரே பூஜ்யம்.

அந்தப் பூஜ்யங்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இதே மாதிரி பூஜ்யங்களை நானே என் கையால் எழுதியவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பொதுக்குழுவில் இந்த விஷயம் வரும்போது இரண்டு கட்சிகள் எழும் என்று எனக்குத் தெரியும். சினிமாவில் பணம் போட்டவன் எவன் உருப்பட்டான் என்பது ஒரு கட்சி. பிள்ளைகள் தமிழில் எதையாவது செய்யட்டுமே என்பது மற்றது. அடியேன் இரண்டாவது கட்சி. பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் எப்போது, எந்தத் தாளைப் பார்த்த பிறகு என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் உண்டு.

என் தங்கை சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபடியே ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டான். சித்தூர் மாங்காய் மண்டியில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், அவளுடைய பத்து வயது மகன், திருப்பதிக்கு அவர்கள் செய்து கொண்ட ஒரு வேண்டுதல், இவ்வளவுதான் கதை. பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சித்தூரில் வீட்டுக்கு வீடு அப்படித்தானே பேசுகிறார்கள்! 1911 வரை வடஆர்க்காட்டோடு இருந்த மண், 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த மண். எந்த வாக்கியம் எந்த மொழியில் ஆரம்பித்து எதில் முடியும் என்று பேசுகிறவருக்கே தெரியாது.

"மாமா, நீங்கதான் கணக்குப் பாக்கணும்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை எஸ்டிமேட் எழுதியே விரல் தேய்ந்தவன் நான். பாகாலா பகுதியில் தண்டவாள வேலை பார்த்த காலத்தில், ஒரு சின்னப் பாலத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது என்ன, ஒரு சின்னப் படம்தானே என்று உட்கார்ந்தேன். 18 நாள் படப்பிடிப்பு, மொத்தம் 12 லட்சம் ரூபாய். வழக்கப்படி எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதம் சேர்த்தேன். மருமகன் சேமிப்பிலிருந்து 6 லட்சம், அவன் நண்பர்கள் 3 லட்சம், என் ஓய்வூதியப் பணத்திலிருந்து 3 லட்சம். இந்த மூன்று லட்சம் விஷயத்தை என் மனைவியிடம் எப்படிச் சொன்னேன் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

என் எஸ்டிமேட்டில் பூஜ்யம் போட்ட வரிகள் நான்கு. நடிகர் சம்பளம் பூஜ்யம், ஏனென்றால் எல்லோரும் சொந்தபந்தமும் மண்டி ஆட்களும். இட வாடகை பூஜ்யம், எல்லாம் தெரிந்தவர்கள் இடம். ஒலிப்பதிவாளர் பூஜ்யம், கேமராவிலேயே மைக் இருக்கிறதே என்றேன். ரயில் நிலையம் பூஜ்யம். "பிளாட்பாரம் என் பொறுப்பு" என்று மார்தட்டிக் கொண்டேன்.

முதலில் பல்லைக் காட்டியது அந்தக் கடைசிப் பூஜ்யம். ரயில்வே இடத்தில் படமெடுக்க மண்டலத் தலைமையகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். கதையின் பிரதியைக் காட்ட வேண்டும். உரிமக் கட்டணம், முன்வைப்புத் தொகை, காப்பீடு எல்லாம் உண்டு. இத்தனை வருடம் அதே நிலையங்களில் வேலை செய்தவனுக்கு இது தெரியாமலா போயிற்று என்று கேட்பீர்கள். தெரியும். சொந்தக்காரன் கேட்கும்போது விதி மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். மனுவையும் நாங்கள் தாமதமாகத்தான் கொடுத்தோம், ஆகவே யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. ரயில் காட்சியைப் பேருந்துக் காட்சியாக மாற்றினோம்.

அடுத்தது சாப்பாடு. இது பூஜ்யம் அல்ல, நன்றாகவே எழுதியிருந்தேன். 20 பேர், தலைக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய், 18 நாள். ஆக 1,26,000. நடந்தது என்ன? சும்மா வருகிறேன் என்று வந்தவர்கள் எல்லோரும் சாப்பிடத்தான் செய்வார்கள்! கூடவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சராசரி 27 இலை விழுந்தது. நாட்களும் 23 ஆயின (அதன் காரணம் பின்னால் வருகிறது). 2,17,350 ரூபாய். சம்பளம் இல்லாத ஆட்களை வைத்துப் படமெடுக்கிறவன் சோற்றிலாவது குறை வைக்கக் கூடாது என்பதால் அதைக் குறைக்கவும் மனம் வரவில்லை. திருப்பதியில் தங்கும் விடுதிகளில் சனி ஞாயிறு வாடகை வேறு, மற்ற நாள் வாடகை வேறு என்பதையும் போய்த்தான் தெரிந்து கொண்டோம்.

இனி மொட்டைக்கு வருகிறேன்.

கதைப்படி அந்தப் பையனுக்குத் திருப்பதியில் முடி இறக்க வேண்டும். திருமலைக் கோயிலுக்குள் கேமரா கொண்டு போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மலையைக் காட்டாமலே, கீழே பேருந்திலிருந்து இறங்கும் மொட்டைத் தலையையும் அதில் பூசிய சந்தனத்தையும் மட்டும் காட்டினால் போதும் என்று மருமகன் சொன்னான். நல்ல யோசனை. பையனின் தாய்க்கும் உண்மையிலேயே ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. ஒன்பதாம் நாள் கல்யாணக்கட்டாவில் கேமரா எதுவும் இல்லாமல் முடியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடி இறக்க அங்கே காசு வாங்குவதில்லை. எங்கள் படத்தில் உண்மையிலேயே இலவசமாக நடந்தது அது ஒன்றுதான்.

மொட்டை ஒரு தடவைதான் அடிக்க முடியும். ஆகவே முடியுள்ள காட்சிகளை எல்லாம் முதல் எட்டு நாளில் எடுத்து முடித்திருந்தோம். 2022 ஜூன் மாதம், கிளிமூக்கு மாங்காய் மண்டியில் மலை மலையாகக் குவிந்திருந்த நேரம். படத்தின் உயிர்நாடியான காட்சி அங்கேதான். தாய் பையனைக் கை நீட்டி அடித்துவிட்டு, பிறகு அவனுக்கு ஒரு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் கொடுப்பாள்.

பதினோராம் நாள் இரவு அந்தக் காட்சியைக் கணினியில் போட்டுக் கேட்டோம். லாரி ஹாரன் கேட்டது. ஏலம் கூவுவது கேட்டது. மின்விசிறி கேட்டது. தாயும் மகனும் பேசியது மட்டும் கேட்கவில்லை. பின்னால் குரல் கொடுத்துச் சேர்க்கலாம் என்றார்கள். முயன்றோம். அந்த அம்மாள் நடிகை அல்ல, மண்டியில் வேலை செய்கிறவர். மண்டியில் நின்றபோது தானாக வந்த பேச்சு, அறைக்குள் நிறுத்தி வைத்தால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல் வந்தது. திரும்பவும் எடுப்பதைத் தவிர வழியில்லை. பையனோ மொட்டை!

முடி வளரக் காத்திருந்தோம். டிசம்பரில் முடி வளர்ந்திருந்தது. மாங்காய் போய்விட்டிருந்தது.

ஒலிப்பதிவாளருக்கு நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டியிருந்த சில ஆயிரத்தை மிச்சம் பிடித்த என் சாமர்த்தியத்தின் விலை, ஆறு மாதமும் நான்கு நாள் படப்பிடிப்பும். டிசம்பரில் சித்தூரில் வெல்லம் வரும் காலம். காட்சியை வெல்ல மண்டிக்கு மாற்றி எழுதினான் மருமகன். அடித்த கையால் ஒரு துண்டு வெல்லம் கொடுக்கிறாள் தாய். (பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள். அதற்காக என் கணக்கு சரியாகிவிடாது.) இந்த முறை ஒலிப்பதிவாளர் ஒருவர் சம்பளம் வாங்கிக் கொண்டு வந்திருந்தார்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் காட்சியை நாணல் பூத்த வெளியில் எடுத்தார். அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சி. மறுவாரம் மிச்சத்தை எடுக்கப் போனால், பூவை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த வருடம் பூக்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. பிறகு பணமும் நின்றது. காப்பீட்டுப் பத்திரம் போயிற்று, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு கை கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணத்தை எழுதினார்கள் என்பது பிரசித்தம். நான் பொதுப்பணிக் கணக்குப் பார்த்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏறத்தாழ ஒன்றரை லட்ச ரூபாயில் முடிந்து 1955ல் வெளிவந்த அந்தப் படம் இன்று உலகம் முழுக்கப் பார்க்கப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசு வந்து கடைசிப் பகுதிக்குப் பணம் கொடுத்திராவிட்டால், அதுவரை எடுத்த சுருள்கள் வெறும் சுருள்கள்தாம்.

எங்களுக்கு அரசு வரவில்லை. படப்பிடிப்பு முடிந்தபோது 13,60,000 ரூபாய் செலவாகியிருந்தது. 12 லட்சமும் போய் மேலே 1,60,000 மருமகன் வங்கிக் கடன். என் எஸ்டிமேட்டின் கடைசி வரி இப்படி இருந்தது: "எடிட்டிங், ஒலிச் சேர்க்கை, நிறத் திருத்தம், சான்றிதழ், இதரவை - 1,50,000." இதரவை என்ற சொல்லைப் போட்டு எத்தனை இன்ஜினீயர்கள் தப்பித்திருக்கிறோம்! அந்த ஒன்றரை லட்சம் எப்போதோ சாப்பாட்டிலும் விடுதியிலும் கரைந்துவிட்டது. முடிக்க உண்மையில் தேவைப்பட்டது 4,10,000. படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் என் தங்கை வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பதினான்கு மாதம் தூங்கியது. மருமகன் என் முன்னால் வருவதையே குறைத்துக் கொண்டான். ஒரு நாள் தங்கை வளையல்களைக் கழற்றி மேஜை மேல் வைத்து, "அண்ணா, இதை வச்சு முடிச்சுக் குடுங்க, அவன் சரியாச் சாப்பிடறதில்லை" என்றாள். வளையலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பெயரில் இருந்த ஒரு வைப்புத் தொகையை உடைத்தேன். மொத்தம் 17,70,000. எழுதியது 12 லட்சம். பாலத்தில் இப்படி எழுதியிருந்தால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

ரயில்வேயில் தண்டவாளம் போட்டுவிட்டால் மட்டும் பாதை ஆகிவிடாது. ஜல்லி கொட்டி, மட்டம் பார்த்து, சிக்னல் வேலை முடித்து, பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துச் சம்மதம் கொடுத்த பிறகுதான் பயணிகள் வண்டி ஓடும். அதற்கு முன் அது வெயிலில் கிடக்கும் இரும்பு. படமும் அப்படியே. ஒலி சேர்த்து, தணிக்கைச் சான்று வாங்கி, ஒரு திரையில் ஓடும் வரை அது படம் அல்ல. இதை அறிந்த நானே கடைசி வேலையைக் கடைசி வரியில், மிஞ்சியதை வைத்துச் செய்து கொள்ளலாம் என்று எழுதினேன். எழுத வேண்டிய முறை தலைகீழ். முதல் வரி, முடிப்பதற்கான பணம். அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். மிச்சமிருப்பது எத்தனை நாள் படப்பிடிப்புக்கு வரும் என்று பார்த்து, கதையை அதற்குள் எழுத வேண்டும். பத்து நாளைக்குத்தான் வருமென்றால் பத்து நாள் கதை. எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதம் பாலத்துக்குப் போதும், மனிதர்களையும் மாங்காயையும் நம்பிச் செய்யும் வேலைக்குப் பத்துக்குக் குறையக் கூடாது.

சித்தூர் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நாகையா நினைவு வரும். 'அசோக்குமார்' படத்தில் பாகவதருடன் அசோகச் சக்கரவர்த்தியாகவும், 'மீரா'வில் எம்.எஸ். அம்மாவுடன் ராணாவாகவும் வந்தவர். குண்டூர்ப் பக்கத்துக்காரரான அவருக்கு, நாடகமாடிய சித்தூர்தான் பெயருக்கு முன்னால் ஒட்டிக் கொண்டது. 1946ல் 'தியாகய்யா'வைத் தாமே தயாரித்து இயக்கினார், 1964ல் 'ராமதாசு'. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். உச்சத்தில் இருந்தவர், கடைசிக் காலத்தில் பணக்கஷ்டத்துடனேயே 1973ல் மறைந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நல்ல மனமும் கணக்குப் புத்தகமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை, கூட ஒருவர் இருந்தால் போதும் என்று மட்டும் தோன்றும்.

பொதுமக்கள் பணத்தில் படம் எடுக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குஜராத்தில் ஐந்து லட்சம் பால்காரக் குடும்பத்தார் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து 1976ல் 'மந்தன்' வந்தது. நமக்குக் 'அக்ரஹாரத்தில் கழுதை' தந்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தார். விசாகப்பட்டினத்தில் பெரும்பாலும் உள்ளூர் ஆட்களையே வைத்து எடுத்த 'கேராஃப் கஞ்சரபாலம்' 2018ல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் அமெரிக்காவில் குடியேறிய பிரவீணா பருச்சூரி. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்க் கதைக்குப் பணம் கொடுப்பது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. மேலூர்ப் பக்கத்து வெயிலில் வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021ல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியது. அதற்கும், படத்தைப் பார்த்து நம்பி நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பை ஏற்றுக் கொண்டார்கள். அப்படி ஒருவர் வருவார் என்று எஸ்டிமேட்டில் எழுத முடியாது.

நம் பிள்ளைகள் கேட்கும் ஐயாயிரம் என்ன பணம் என்பதும் தெளிவாக வேண்டும். கடனா, பங்கா, நன்கொடையா? கல்யாண வீட்டு மொய்யைக்கூட நோட்டில் எழுதித்தான் வாங்குகிறோம். திருப்பித் தர மாட்டோம் என்றால் அதை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். லாபம் வரும் என்று மட்டும் சொல்ல வேண்டாம். எங்கள் படம் 2024ல் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிடப்பட்டது. பிறகு இரண்டு ஊர்களில் காட்டினார்கள். வந்த பணம் நாற்காலி வாடகைக்குச் சரியாக இருந்தது.

இன்னொன்று. சும்மா நடிக்கிறேன் என்று வருகிறவர்களுக்கு எதிரே பூஜ்யம் போடாதீர்கள். மண்டியில் வேலை செய்யும் அந்த அம்மாள் எங்களுக்காகப் பதினொரு நாள் கூலியை விட்டார். அதை நான் கணக்கில் எழுதவே இல்லை. அவரும் கேட்கவில்லை. மண்டபத்தில் படம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, நான் பேசினது நல்லாக் கேட்டுதா?" என்று மட்டும்தான் கேட்டார். மறுநாள் போய்ப் பதினொரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மேலே சொன்ன 17,70,000த்தில் அது சேரவில்லை.

பிள்ளைகள் வருகிற பொதுக்குழுவுக்கு முழு எஸ்டிமேட்டுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். என் பங்குக்கு ஐயாயிரத்துக்குக் காசோலை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். தேதி மட்டும் இன்னும் போடவில்லை.